மஞ்சக் கடுதாசி யாருக்கு?

ஊர்த்தெருவில் ஒருத்தன் கடை நொடித்துப் போனால் "பாவம், ஐ.பி. குடுத்துட்டார்" என்கிறார்கள். மஞ்சக் கடுதாசி என்றும் அதற்குப் பேர். கொஞ்ச நாளில் மச்சான் பேரில் அதே கடை திறக்கும். பழையபடி முதலாளி. சேரிக்காரன் கடனைக் கட்ட முடியாவிட்டால் என்ன பேர்? "ஏமாத்துக்காரப் பய." குழு லோன்காரன் வாசலில் வந்து உட்காருகிறான். கந்துவட்டிக்காரன் ரேஷன் கார்டைப் பிடுங்குகிறான். செங்கல் சூளைக்காரன் குடும்பத்தையே பிடித்து வைக்கிறான். மிச்சம் இருப்பது மண்ணெண்ணெய்தான். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலிக் குடும்பம் ரெண்டு குழந்தைகளோடு எரிந்ததை நாடே பார்த்ததே!

கடன் ஒன்றுதான். அவனுக்கு அது வியாபார நஷ்டம், நமக்கு மானக்கேடு. இந்த மானத்தை வகுத்தவன் யார்? நம் தோழர்களிலேயே சிலர், "வாங்கினதக் கட்றதுதான் யோக்கியம், திவால்னு சொல்றது கேவலம்" என்கிறார்கள். அலோக் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஜவுளிக் கம்பெனி பாக்கி வைத்தது 29,000 கோடிக்கு மேல். 2019இல் சுமார் 5,000 கோடியோடு கணக்கு முடிந்தது. அந்த யோக்கியத்தை யாரய்யா கேட்டீர்கள்?

நொடிப்பு குற்றமல்ல, சட்டத்தில் இருக்கிற வழி. 1920ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டப்படி, 500 ரூபாயோ அதற்கு மேலோ கடன் இருந்து கட்ட வக்கில்லாதவர் தாமே கோர்ட்டில் மனுப் போடலாம். சென்னைக்கு 1909ஆம் வருஷத்துச் சட்டம், ஐகோர்ட். மனுவை ஏற்றால் சொத்து கோர்ட் கைக்குப் போகும். ஆனால் உடுதுணி, சமையல் பாத்திரம், தொழில் கருவி, கூலி, அடமானம் வைக்காத குடியிருப்பு வீடு, இவற்றைக் கூலிக்காரனிடமிருந்து ஜப்தி செய்யக்கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவு. கடைசியில் விடுவிப்பு உத்தரவு கிடைத்தால் அரசுப் பாக்கி, மோசடிக் கடன், ஜீவனாம்சம் தவிர மற்ற பழைய கடன் தீர்ந்தது. பணக் கடன் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்யக்கூடாது என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்கிறது. "ஜெயில்ல தள்ளிடுவேன்" என்று நம் பெண்களை மிரட்டுகிற குழுக்காரன் சொல்வது பச்சைப் பொய்.

சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்காக அடைபட்டவர்கள் நொடிப்பு மனுகூடப் போட வேண்டாம். 1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே அழித்துவிட்டது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவன் கடன் கொடுத்தவன்தான்.

2016ஆம் வருஷத்து நொடிப்புச் சட்டத்தில் ஏழைகளுக்கென்று 'புதிய தொடக்கம்' என ஒரு அத்தியாயம் எழுதினார்கள். வருஷ வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000, இவற்றுக்கு மேல் போகக்கூடாது. சொந்த வீடும் இருக்கக்கூடாது. அரசு கொடுத்த காலனி வீடு ஒன்று இருந்தாலே தகுதி போச்சு! இந்தப் பிச்சையையாவது போட்டார்களா? கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு 2019இல் கதவு திறந்தது. கூலிக்காரனுக்கான அத்தியாயம் இதுவரை அமலுக்கே வரவில்லை.

நான் கேட்பது சலுகை அல்ல. அந்த அத்தியாயத்தை அமலாக்கு. உச்சவரம்பை உயர்த்து. வீட்டு நிபந்தனையைக் கிழித்தெறி. அதுவரைக்கும் இருக்கிற சட்டத்தை நாம் எடுப்போம். 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும். தாலுகா கோர்ட்டில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவாகச் சேர்ந்து போங்கள். கடனுக்கு உயிரைக் கொடுத்தது போதும். கோர்ட்டில் மனுவைக் கொடுப்போம்.