பொருளாதார சுதந்திரம்: நாட்டில் எந்தப் பகுதிக்கு?

நாடுகளைப் பொருளாதார சுதந்திரத்தின்படி வரிசைப்படுத்தும் பட்டியல்கள் வருடாவருடம் வருகின்றன. கனடாவின் பிரேசர் நிறுவனம் ஐந்து விடயங்களைப் பார்த்துப் புள்ளி போடுகிறது: அரசின் அளவு, சட்டமும் சொத்துரிமையும், பணத்தின் நிலையான பெறுமதி, வெளிநாட்டு வர்த்தகம், தொழில் செய்வதற்கான கட்டுப்பாடுகள். சிங்கப்பூரும் ஹொங்கொங்கும் உச்சியில் நிற்கும். மேலே நிற்கும் நாடுகளில் பெரும்பாலானவை வசதியான நாடுகள்தான். அதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு நாட்டுக்கு ஒரு புள்ளிதான். அந்த நாட்டுக்குள் எந்தப் பகுதிக்கு எவ்வளவு சுதந்திரம் எண்டு அது கேட்பதில்லை. எங்கட நாட்டையே எடுத்துப் பாருங்கள்.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்தனவின் அரசு பொருளாதாரத்தைத் திறந்தது. அடுத்த வருடம் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு வந்தது வேறு. அதுவரை இறக்குமதித் தடையால் வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் நல்ல விலை கண்ட தோட்டக்காரர், இறக்குமதிச் சாமானோடு போட்டி போட வேண்டி வந்தது. சந்தை எண்டால் அப்படித்தான், சிலர் தோற்பார்கள் எண்டு சொல்லலாம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்.

அப்ப 1990களுக்கு என்ன பதில்? கொழும்பில் பங்குச்சந்தை நடந்தது, அரச நிறுவனங்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. அதே காலத்தில் வடக்குக்குப் பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா கொண்டுபோகத் தடை. கடற்றொழிலுக்கும் கட்டுப்பாடு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த சனத்தின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அதில் ஒரு பகுதி இன்னும் விடுபடவில்லை. சொத்துரிமை, வர்த்தகம், தொழில் செய்யும் உரிமை எண்டு பட்டியல்காரர் வைத்திருக்கும் அதே அளவுகோலால் அளந்தாலும், வடக்குக்குக் கிடைத்த புள்ளி என்ன?

ஆகவே சந்தை கூடாது எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. வடக்கு பின்தங்கியதற்கு, சந்தைக்குப் போகவே விடாததும் ஒரு பெரிய காரணம். 2002இல் ஏ-9 பாதை திறந்ததும் சாமானும் சனமும் போய்வரத் தொடங்கின. 2006 ஓகஸ்டில் அது மூடியதும் யாழ்ப்பாணத்தில் தட்டுப்பாடு வந்து விலை எகிறியது. சுதந்திரத்துக்கும் செழிப்புக்கும் தொடர்பு உண்டு எண்டதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நாட்டைத் திறந்துவிட்டால் எல்லாரும் முன்னேறுவோம் எண்டு இப்ப திரும்பவும் சொல்கிறார்கள். திறக்கட்டும். ஆனால் முதலில் காணியைத் திறக்கட்டும். சொந்தக் காணிக்குள் கால் வைக்க முடியாதவனுக்கு, நாட்டின் புள்ளி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?