திரை வாங்கப் போகும் அன்பருக்கு

மாதுங்காவில் வசிக்கும் நம் சங்க உறுப்பினர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மனைவியார் கணக்கு எழுதும் வேலையை வீட்டிலிருந்தே பார்த்து வருகிறார். மாலையானதும் அதே நாற்காலியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் மகன் அமர்ந்து ‘வேலரண்ட்’ ஆடத் தொடங்குகிறான். வீட்டில் மேசை ஒன்றே. இன்னொன்று போட்டால் இரவில் பாய் விரிக்க இடமிராது. பழைய மானிட்டரோ மங்கிவிட்டது. தாய்க்கு ஏற்றதை வாங்குவதா, மகன் கேட்பதை வாங்குவதா என்று வழக்கு நடக்கிறதாம். மும்பையில் நம்மவர் வீடுகள் பலவற்றில் இதே வழக்கு உண்டு என்பதால், இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறேன்.

வேலை செய்பவருக்கு வேண்டியது எழுத்தின் தெளிவு. அது திரையின் அகலத்தைப் பொறுத்ததன்று. ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்கள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள 24 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல்கள் இருக்கும். அதே எண்ணிக்கையை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகக் குறைந்துவிடும். கடைக்காரர் பெரிதாகக் காட்டி விற்பது பெரும்பாலும் இதைத்தான். படம் பெரிது; எழுத்தோ தடித்துச் சிதறும். ஆங்கில எழுத்தாவது பொறுத்துக்கொள்ளும். ‘ணை’, ‘ஞ’ போன்ற சுழிகளும், மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும் சிறிய அளவில் குழம்பிப் போகும். சங்கப் பத்திரிகையைத் திரையில் படிக்கும் அன்பர்கள் இதை அறிவார்கள். 2560க்கு 1440 என்னும் அளவு 27 அங்குலத்தில் அமைந்தால் அங்குலத்துக்கு 109 கிடைக்கும். நாள் முழுதும் வாசிப்பவருக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

ஆடுபவருக்கு வேண்டியது அசைவின் தெளிவு. பழைய திரைகள் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் திரையில் அது 7 மில்லி விநாடிக்கும் குறைவு. இந்த மாறுதலைச் சுட்டியை அசைத்த மாத்திரத்திலேயே எவரும் காணலாம். நீண்ட கணக்குத் தாளை மேலும் கீழும் உருட்டும் தாயாருக்கும் இதனால் சௌகரியமே. 144இலிருந்து 240க்குப் போனால் மிச்சமாவது மூன்று மில்லி விநாடிகூட இல்லை. போட்டிப் பந்தயங்களில் இறங்குபவன் அதற்குப் பணம் கொடுக்கட்டும். மற்றவர்களுக்கு அது வீண் என்பதே என் கருத்து.

ஆகவே 27 அங்குலம், 1440, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குச் சற்று மேல் என்று வாங்கினால் இருவரும் மனநிறைவு அடைவர். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 1080 திரைக்கு ஏறத்தாழ இருபது லட்சம் பிக்சல்களை வரையும் கணினி, 1440க்கு முப்பத்தாறு லட்சத்துக்கு மேல் வரைய வேண்டும். தண்டவாளம் 130 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கும் என்பதற்காகச் சரக்கு வண்டி அவ்வேகத்தில் ஓடிவிடாது அல்லவா? ‘வேலரண்ட்’ இலேசான ஆட்டம். சுமாரான கிராஃபிக்ஸ் கார்டே போதும். பெரிய ஆட்டங்களில் அந்தக் கார்டு திணறும். கார்டு பழையதாயின் 24 அங்குல 1080 திரையே முறை. எழுத்தும் மோசமில்லை, கைக்காசும் மிஞ்சும். எதை வாங்கினாலும் கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ‘அடாப்டிவ் சிங்க்’ வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. இல்லையெனில் விரைந்த அசைவின்போது படம் குறுக்கே கிழிந்தாற்போல் தோன்றும்.

திரைப் பலகையின் வகையில் ஐ.பி.எஸ். என்பதே இரட்டை வேலைக்கு ஏற்றது. வி.ஏ. வகையில் கருமை ஆழமாக இருக்கும். இருண்ட காட்சிகளில் அசைவு இழுபடுவதும் உண்டு. ஓ.எல்.இ.டி. வகையின் அழகுக்கு ஈடில்லை. எனினும் நாள்தோறும் எட்டு மணி நேரம் ஒரே கட்டமும் ஒரே பட்டையும் நின்றிருக்கும் வேலைக்கு அதை வைத்தால், அந்த உரு நாளடைவில் திரையிலேயே தங்கிவிடக்கூடும். பெட்டியின் மேல் ‘1 மில்லி விநாடி’ என்றும் ‘எச்.டி.ஆர்.’ என்றும் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். முன்னது மிகச் சாதகமான நிலையில் அளந்து போட்ட கணக்கு. பின்னது விலை குறைந்த திரைகளில் பெரும்பாலும் பெயரளவே.

யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: தாங்கி. தாயும் மகனும் ஒரே உயரம் இல்லை. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். இல்லாவிடில் கழுத்து நோகும். ஏற்றி இறக்கக்கூடிய தாங்கிக்குச் சில நூறு ரூபாய் கூடுதலானாலும் கொடுக்கலாம். முதுகில் திருகுத் துளைகள் உள்ள திரையாயின், சுவரிலிருந்து நீளும் கையில் மாட்டி மேசையையே காலி செய்துவிடலாம். நம் வீடுகளுக்கு அதுவும் ஒரு லாபம்.

கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால் லாமிங்டன் ரோடு அருகிலேயே. (பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்றிருக்கும்.) 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. சிறியவற்றுக்கு 2019 ஜனவரி முதலே 18தான். வரியைக் காட்டி எவரேனும் விலை கூட்டினால் கேள்வி கேட்கலாம். கடையிலேயே திரையை முழு வெண்மையாகவும் முழுக் கருமையாகவும் வைக்கச் சொல்லி, செத்த பிக்சல் ஏதும் உண்டா என்று பாருங்கள். எத்தனை பிக்சல் செத்தால் மாற்றித் தருவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்; ரசீது வாங்குமுன் அதைக் கேளுங்கள். டிஸ்ப்ளே போர்ட் கேபிள் பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல திரைகளில் எச்.டி.எம்.ஐ. வழியாக முழு வேகம் வருவதில்லை.

வீட்டுக்கு வந்து மாட்டிய பின்னரும் ஒரு வேலை பாக்கி. விண்டோஸ் பல சமயங்களில் புதுத் திரையை 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’, ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ என்று உள்ளே சென்று, அந்த 60ஐ 144 ஆக மாற்றிவிடுங்கள்.