யாரைக் காத்தோம்? யார் விலை கொடுத்தார்கள்?



கொரோனா பெருந்தொற்றுக்காக அறிவிக்கப்பட்டிருந்த உலகளாவிய அவசரநிலையை உலக நலவாழ்வு அமைப்பு 2023-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் முடித்துக்கொண்டது. முகக்கவசங்கள் மறைந்தன. கடைத்தெருக்களும் ஆலயங்களும் மீண்டும் நிறைந்தன. ஆனால் அந்நாள்களில் எழுந்த ஒரு வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஊரடங்கு உயிர்களைக் காத்ததா, அல்லது வாழ்வைக் குலைத்ததா என்பதே அது.

பெருந்தொற்றை அரசு கையாண்ட விதம் பற்றி ஆய்ந்துவரும் பிரிட்டன் விசாரணை ஆணையம், 2025 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊரடங்கை ஒரு வாரம் முன்னதாக, 2020 மார்ச் 16 அன்றே கொண்டுவந்திருந்தால், முதல் அலையில் இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 23,000 இறப்புகள் குறைந்திருக்கும் என்ற கணிப்பை அது சுட்டிக்காட்டியது. உரிய முன்னெச்சரிக்கைகளை இன்னும் முன்பே எடுத்திருந்தால் ஊரடங்கே தேவைப்படாமல் போயிருக்கலாம் என்றும் அதே அறிக்கை கூறியது. முதல் கூற்றை ஒரு தரப்பும், இரண்டாவது கூற்றை மறு தரப்பும் தமக்குச் சாதகமாக வாசிக்க முடியும். வாக்குவாதம் ஏன் முடியவில்லை என்பது இதிலிருந்தே விளங்குகிறது.

இந்த வாக்குவாதத்தில் இரு தரப்பினரும் மீண்டும் மீண்டும் சொன்ன ஒரு சொல் உண்டு. 'நலிந்தோர்' என்பதே அது. அந்தச் சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள், அவர்களுக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்று இன்று சிந்திப்போம்.

இரு அறிக்கைகள், ஒரே அக்கறை

2020 அக்டோபர் 4 அன்று, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கிரேட் பாரிங்டன் என்ற ஊரிலிருந்து ஓர் அறிக்கை வெளிவந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெய் பட்டாச்சார்யா, ஆக்ஸ்ஃபோர்டின் சுனேத்ரா குப்தா, ஹார்வர்டின் மார்ட்டின் குல்டார்ஃப் ஆகிய மூவர் அதை எழுதினர். முதல் இருவரும் கொல்கத்தாவில் பிறந்தவர்கள். இந்நோயால் இறக்கும் ஆபத்து முதியோருக்கு மிக அதிகம், இளையோருக்கு மிகக் குறைவு. எனவே ஆபத்து குறைந்தவர்கள் வழக்கம்போல் வாழட்டும், முதியோரையும் நோயாளிகளையும் தனிக்கவனத்தோடு காப்போம் என்றார்கள். ஊரடங்கின் சுமை ஏழைகள்மீதே விழுகிறது என்பதும் அவர்கள் வாதம்.

பத்து நாள்களுக்குள் அதற்கு மறுப்பு எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் காலரா தண்ணீர் வழியே பரவுவதைக் கண்டறிந்த மருத்துவர் ஜான் ஸ்னோவின் பெயரைத் தாங்கிய அறிக்கை அது. 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. நோயைச் சமூகத்தில் பரவவிட்டுவிட்டு, நலிந்தோரைச் சுற்றி மட்டும் வேலி போட முடியாது என்று அதில் கையெழுத்திட்ட அறிவியலாளர்கள் வாதிட்டனர். கட்டுப்பாடுகளின் காலத்தில் மக்களுக்கு நிதி உதவியும் சமூக உதவியும் தேவை என்பதை அவர்களும் ஏற்றனர்.

அந்தப் பிளவு இன்றும் ஆறவில்லை. அன்று கடும் கண்டனத்துக்கு உள்ளான பட்டாச்சார்யா, 2025-இல் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் தலைவராகப் பொறுப்பேற்றார். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு தரப்பு இரக்கமற்றது, மற்றது இரக்கமுள்ளது என்று எளிதாகப் பிரித்துவிட இயலாது. இரண்டு அறிக்கைகளும் நலிந்தோரின் பெயராலேயே எழுதப்பட்டன. அப்படியானால் நலிந்தோர் காக்கப்பட்டார்களா?

முதியோர் இல்லங்களில் நடந்தது

இதற்கு விடை காண இரண்டு நாடுகளைப் பார்ப்போம். ஸ்வீடன் பொது ஊரடங்கைத் தவிர்த்தது. 16 வயதுக்குட்பட்டோரின் பள்ளிகள் பெரும்பாலும் திறந்தே இருந்தன. முதியோரைத் தனியாகக் காப்போம் என்று அரசு உறுதி கூறியது. ஆனால் அந்நாட்டு அரசே நியமித்த ஆணையம், முதியோரைக் காக்கும் முயற்சி தோல்வியுற்றது என்று 2020 டிசம்பரில் அறிவித்தது.

பிரிட்டன் எதிர்வழியில் சென்றது. 2020 மார்ச் 23 முதல் முழு ஊரடங்கு. அங்கும் முதியோர் இல்லங்களில் இறப்புகள் குவிந்தன. மருத்துவமனைப் படுக்கைகளை ஒழிப்பதற்காக நோயாளிகள் பரிசோதனையின்றி முதியோர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கொள்கை சட்டத்துக்குப் புறம்பானது என்று 2022 ஏப்ரலில் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஊரைத் திறந்து வைத்த நாட்டிலும் முதியோர் இறந்தனர். ஊரை அடைத்த நாட்டிலும் இறந்தனர். காரணம் என்ன? ஸ்வீடன் ஆணையம் நேராகச் சொன்னது: முதியோர் பராமரிப்பு நெடுங்காலமாகவே நலிந்து கிடந்தது. ஆள் பற்றாக்குறை, மணிக்கணக்கில் கூலி வாங்கும் தற்காலிகப் பணியாளர்கள், போதிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமை. உடல்நலம் சரியில்லை என்று ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் ஒரு பெண் வேலைக்கு வருகிறார் என்றால், வேலி எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை. முதியவரைக் காக்க விரும்பியவர்கள், முதலில் அவரைக் குளிப்பாட்டி உணவூட்டும் பணியாளரைக் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு துயரமும் உண்டு. பல நாடுகளில் முதியோர் நோயினின்று காக்கப்பட்டார்கள், ஆனால் மாதக்கணக்கில் பிள்ளைகளின் முகம் காணாமல் இருந்தார்கள். இறக்கும் வேளையில் கையைப் பிடிக்க ஆளின்றி, இறுதி அருளடையாளங்கள் இன்றிச் சென்றவர்கள் பலர். உயிரைக் காப்பதும் ஆளைக் காப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

நான்கு மணி நேர அவகாசம்

நம் நாட்டில் 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் நரேந்திர மோடி ஊரடங்கை அறிவித்தார். நள்ளிரவில் அது நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 21 நாள்கள். பின்னர் மே 31 வரை படிப்படியாக நீண்டது. உலகின் மிகக் கடுமையான ஊரடங்குகளில் ஒன்றாக இருந்த இதற்கு மக்கள் ஆயத்தமாவதற்குக் கிடைத்தது நான்கு மணி நேரம்.

'வீட்டிலேயே இருங்கள்' என்ற கட்டளைக்கு வீடு ஒன்று இருக்க வேண்டும். கட்டுமானக் கொட்டகையிலும் தொழிற்சாலை ஓரத்திலும் உறங்கியவர்களுக்குக் கூலியும் நின்றது, உணவும் நின்றது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அவர்கள் நடந்தார்கள். தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1-ஆம் நாள்தான் தொடங்கின. மே 8 அன்று மகாராஷ்டிர மாநிலம் ஔரங்காபாத் அருகே, நடந்த களைப்பில் தண்டவாளத்தில் கண்ணயர்ந்த 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சொந்த ஊர் திரும்பினர் என்று நடுவண் அரசு 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வழியில் இறந்தோர் எத்தனை பேர் என்று கேட்டபோது, அந்தக் கணக்கு இல்லை என்பதே பதிலாக இருந்தது.

தமிழகத்திலும் பாடங்கள் உண்டு. சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தவுடன், 2020 ஏப்ரல் 25 அன்று கடைகளிலும் சந்தைகளிலும் கூட்டம் நெருக்கியடித்தது. மக்களைப் பிரித்து வைக்கும் நோக்கில் பிறந்த ஆணை அவர்களை ஒரே இடத்தில் கூட்டியது. மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, அங்கிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் பரவிவிட்டிருந்தது. ஜூன் மாதம், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையால் கைது செய்யப்பட்டார்கள். சில நாள்களில் இருவரும் பிணமானார்கள். மக்களின் உயிரைக் காக்கப் பிறந்த விதியின் பெயரால் இரண்டு உயிர்கள் போயின.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லலாமா? அதற்கு 2021 ஏப்ரல், மே மாதங்கள் பதில் சொல்லும். கும்பமேளாவும் தேர்தல் பிரச்சாரக் கூட்டங்களும் தடையின்றி நடந்த காலம் அது. ஆக்சிஜன் உருளைக்காக மருத்துவமனை வாசல்களில் மக்கள் அலைந்தார்கள். சுடுகாடுகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் வரிசை நீண்டது. நோயைத் தன் போக்கில் விட்டாலும் முதலில் சாய்ந்தவர்கள் நலிந்தோரே. மேலும், மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும் நம் வீடுகளில், பாட்டியைத் தனியே வைத்துவிட்டுப் பேரன் மட்டும் ஊர் சுற்றுவது எப்படி? கிரேட் பாரிங்டன் அறிக்கை இந்தக் கேள்விக்கு நம் ஊருக்கேற்ற விடை எதையும் தரவில்லை.

மதுக்கடையும் தொடக்கப்பள்ளியும்

ஒரு சமூகம் எதை முதலில் திறக்கிறது என்பதில் அதன் மனம் தெரிந்துவிடும். தமிழகத்தின் பல பகுதிகளில் டாஸ்மாக் மதுக்கடைகள் 2020 மே 7 அன்று திறக்கப்பட்டன. உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைக்க, ஒரு வாரத்தில் அவை மீண்டும் திறந்தன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகள் வகுப்பறைக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1 அன்று. இடையில் ஏறக்குறைய 18 மாதங்கள்.

குழந்தைகளுக்கு இந்நோயால் ஆபத்து மிகக் குறைவு என்பது 2020-இலேயே தெரியத் தொடங்கியிருந்தது. ஆயினும் பெரியவர்களைக் காப்பதற்காகக் குழந்தைகள் நெடுநாள் விலை கொடுத்தார்கள். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பு என்பது வெறும் சொல்லாகவே இருந்தது. அந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது பாராட்டுக்குரியது. ஆனால் அந்த வாக்குவாதம் முழுவதிலும் குழந்தைகளுக்காகப் பேசிய குரல்கள் மிகக் குறைவு. அவர்களுக்கு வாக்குரிமையும் இல்லை, வரி வருவாயும் இல்லை.

திருஅவைக்குள் எழுந்த குரல்கள்

இக்கருத்து வேறுபாடு திருஅவைக்குள்ளும் எழுந்தது. இத்தாலியில் மக்கள் பங்கேற்கும் திருப்பலிகளுக்கு அரசு தொடர்ந்து தடை விதித்தபோது, அந்நாட்டு ஆயர் பேரவை 2020 ஏப்ரல் 26 அன்று வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. இரண்டு நாள் கழித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் தம் காலைத் திருப்பலியில், இறைமக்கள் விதிமுறைகளை முன்மதியோடு கடைப்பிடிக்கும் வரத்துக்காக மன்றாடினார். அமெரிக்காவில் புரூக்ளின் மறைமாவட்டம் நியூயார்க் மாநிலத்தின் கட்டுப்பாடுகளை எதிர்த்து வழக்காடியது. ஆபத்து மிகுந்த பகுதிகளில் வழிபாட்டுக்கு 10 பேர் மட்டும் என்ற வரம்பை, 2020 நவம்பர் 25 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிறுத்திவைத்தது. மதுக்கடை திறந்திருக்க ஆலயம் மட்டும் ஏன் மூடப்பட வேண்டும் என்ற கேள்வி அங்கும் எழுந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார். தனிமனித உரிமை என்ற பெயரில் பிறரின் பாதுகாப்பை மறுத்தவர்களை அவர் கண்டித்தார். அதே வேளை, 2020 உயிர்ப்புப் பெருவிழா அன்று மக்கள் இயக்கங்களுக்கு எழுதிய மடலில், அன்றாடக் கூலியால் வாழ்வோருக்கும் நெருக்கடியான குடிசையில் இருப்போருக்கும் ஊரடங்கு எத்தனை கொடியது என்பதை உணர்ந்து பேசினார். நிலையான கூலியில்லாத தொழிலாளர்களுக்கு அடிப்படை ஊதியம் வழங்குவதைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார். கட்டுப்பாட்டைக் கேட்டவரே அதன் செலவையும் எண்ணினார். வாக்குவாதத்தில் பெரும்பாலும் காணாமற்போனது இதுதான்.

அடுத்த முறை கேட்க வேண்டியவை

பெருந்தொற்றுகளை எதிர்கொள்வதற்கான ஒப்பந்தம் ஒன்றை உலக நலவாழ்வு அமைப்பின் பேரவை 2025 மே 20 அன்று ஏற்றுக்கொண்டது. அடுத்த நோய் வரக்கூடும் என்று நாடுகளே ஒத்துக்கொள்கின்றன. அப்போது 'அடைப்பதா, திறப்பதா' என்ற பழைய வாக்குவாதத்தோடு நாம் நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டுப்பாட்டிடமும் மூன்று கேள்விகள் கேட்போம். இது யாரைக் காக்கிறது? இதன் சுமையை யார் சுமக்கிறார்? சுமப்பவருக்கு உணவும் கூலியும் துணையும் முதல் நாளே கொடுக்கப்பட்டதா?

நல்ல சமாரியர் அடிபட்டவரைத் தூக்கி விடுதியில் சேர்த்ததோடு நிற்கவில்லை, செலவையும் தாமே ஏற்றார் என்பது நமக்குத் தெரியும். 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டத்தை எல்லா மாநிலங்களும் நிறைவேற்ற வேண்டும் என்று 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது, அந்தச் செலவைச் சமூகம் ஏற்பதற்கான ஒரு வழி. நம் ஊர்களில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அது தெரியுமா, அவர்களால் இங்கு அரிசி வாங்க முடிகிறதா என்று நம் பங்குத்தளங்கள் இன்றே விசாரிக்கலாம். தனியே வாழும் முதியோர் யார், அவர்களுக்கு மருந்து வாங்கித் தருபவர் யார், அவர்களுடைய வீட்டுப் பணிப்பெண் நோயுற்றால் அவரது கூலிக்கு என்ன வழி என்ற விவரங்களை அன்பியங்கள் வழியாகத் திரட்டி வைக்கலாம். நோய் வந்தபிறகு எழுதத் தொடங்கும் பட்டியல் எப்போதும் பிந்தியே முடிகிறது.