மணிலாக்கொட்டைப் பரிசோதனையும் இருவகை அளவுகோல்களும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களில் மணிலாக்கொட்டை குடியானவர்களுக்கு ரொக்கம் தரும் பயிர்களுள் முக்கியமானது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரே டி.எம்.வி. என்ற எழுத்துகளாக ரகங்களின் தலைப்பில் நின்று தேசமெங்கும் வழங்கிவருகிறது. 1940-ஆம் ஆண்டில் வெளியான டி.எம்.வி. 2 என்னும் கொத்து ரகம் தமிழ்நாட்டுக்கு வெளியிலும் நெடுங்காலம் பயிராகி வந்துள்ளது. இத்தகைய கொட்டையின் மதிப்பு அதில் அடங்கிய எண்ணெயையும் ஈரத்தையும் பொறுத்ததாகும்.

எண்ணெய்ச் சத்தை அறிவதற்குப் பருப்பை இடித்து, திராவகத்தில் ஊறவைத்து, வடித்து நிறுக்கும் முறையே முன்பு இருந்தது. அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். பரிசோதித்த பருப்பும் விதைக்கு உதவாது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பருப்பின்மேல் செலுத்தி, எவ்வெவ் அலைநீளத்தில் எவ்வளவு ஒளி விழுங்கப்படுகிறது என்று படமாக வரைந்து காணும் முறை இப்போது வழக்கிலுள்ளது. ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டன்செருவில் இக்ரிசாட் நிலையத்தார் மணிலாக்கொட்டையின் எண்ணெயை இவ்விதமே மதிப்பிட்டு வருகின்றனர். தண்ணீர் 1450, 1940 நானோமீட்டர் அளவுகளிலும், எண்ணெய் 1210, 1725 ஆகியவற்றை ஒட்டியும் ஒளியை விழுங்கும். அவ்விடங்களில் படத்தின் கோடு எழும் உயரத்தைக் கொண்டு சத்து கணிக்கப்படுகிறது.

இங்கேதான் ஒரு சிக்கல் நேர்கிறது. ஒரு சாலையின் கருவி படத்தின் கிடைக்கோட்டில் அலைநீளத்தை நானோமீட்டரில் குறிக்கிறது. மற்றொன்று ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் அடங்கும் என்னும் அலை எண்ணைக் குறிக்கிறது. ஒரே பருப்பின் படங்கள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் யாதொரு பொருத்தமும் தோன்றாது. இதைக் கண்டு ஒரு கருவி பொய் சொல்லுகிறது என்று முடிவு கட்டுதல் அவசரமாகும்.

காணிக் கணக்கை அறிந்தவர்களுக்கு இது விளங்காத விஷயமன்று. காணிக்கு 12 மூட்டை கண்டவர் ஏக்கருக்கு 10 மூட்டை கண்டவரைவிடத் தம் நிலமே மேலானது என்று எண்ணலாம். காணி 132 சென்ட் என்பதை நினைத்து வகுத்தால் அவருக்கு ஏக்கருக்கு 9 மூட்டைக்குச் சற்று அதிகமே கிடைத்தது தெரியவரும். ஒளிப்படத்துக்கும் இவ்வாறே ஒரு வகுத்தல் உண்டு. ஒரு சென்டிமீட்டரில் 1 கோடி நானோமீட்டர் அடங்குவதால், 1 கோடியை அலைநீளத்தால் வகுக்க அலை எண் வரும். 1940 நானோமீட்டர் என்பது 5155. 1450 என்பது 6897. அலைநீளம் ஏற அலை எண் இறங்குவதால், படத்தை இடம் வலமாகத் திருப்பியும் வைக்க வேண்டும்.

ஆனால் காணிக் கணக்கு இவ்வளவில் முடிவதுபோல் ஒளிக் கணக்கு முடிவதில்லை. 1000-க்கும் 1010-க்கும் இடையிலுள்ள 10 நானோமீட்டர், அலை எண்ணில் 99 ஆகிறது. 2000-க்கும் 2010-க்கும் இடையிலுள்ள அதே 10, அங்கே 25 மட்டுமே. ஒரு புறத்தில் சம இடைவெளியில் நட்ட முளைகள் மறுபுறத்தில் ஓரிடம் நெருங்கியும் ஓரிடம் விலகியும் நிற்கும். ஆகையால் இரண்டு படங்களுக்கும் பொதுவான முளைகளை வகுத்து, அந்தந்த இடத்து உயரத்தை இருபுற அளவுகளிலிருந்து இடைக்கணித்து எழுதுதல் அவசியம். முளைகள் அடர்ந்த படத்தை ஐதாக்கலாம். ஐதான படத்தை அடர்த்தியாக்கினால் புதிய செய்தி எதுவும் உண்டாகாது. வாரந்தோறும் எழுதிய மழைக்கணக்கை மாதக்கணக்காகக் கூட்டலாம். மாதக்கணக்கை நான்காகப் பங்கிட்டு வாரக்கணக்கு என்று எழுதுவது வெறுங் கற்பனையே.

எல்லையும் கவனிக்கத்தக்கது. கையடக்கமான சில கருவிகள் 900 முதல் 1700 நானோமீட்டர் வரையே காணும். சாலையிலுள்ள பெருங்கருவி அலை எண் 4000 முதல் 10,000 வரை, அதாவது 1000 முதல் 2500 நானோமீட்டர் வரை காணலாம். இரண்டுக்கும் பொதுவான நிலம் 1000 முதல் 1700 வரையே. எண்ணெயின் 1725 அடையாளம் வரப்புக்கு அப்பால் விழுந்துவிடுகிறது! 1210-ஐ நம்பியே சிறுகருவி வேலை செய்ய வேண்டும். கோட்டை இழுத்து நீட்டி 1725-ஐயும் கணித்ததாகக் காட்டும் பத்திரத்தை ஒருவரும் ஏற்கலாகாது.

இவற்றினும் நுட்பமானது நகர்வு. இரு கருவிகளும் 1450 என்று எழுதினாலும் ஒன்றின் 1450 மற்றதன் 1452-ஆக இருக்கக் கூடும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கருகில் கரையேறிய பெஞ்சல் புயலில் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வானிலைத் துறையார் காலை 8.30 மணிக்கு அளந்து அத்தேதியிலேயே எழுதுவதால், 30-ஆம் தேதி பகலிலும் இரவிலும் பெய்த மழை டிசம்பர் 1-ஆம் தேதிக் கணக்கில் நிற்கும். பெய்த நாளிலேயே எழுதும் வேறொரு புத்தகத்தோடு இதை ஒப்பிட்டால் ஒரு நாள் தள்ளி நிற்பதாகத் தோன்றும். மழை ஒன்றே, தேதிக்கோடு நகர்ந்திருக்கிறது. பயிர்ச்சேத விசாரணை செய்த கிராம உத்தியோகஸ்தர்கள் இந்த வித்தியாசத்தின் தொல்லையை அறிவார்கள். ஒளிப்படத்தில் இந்நகர்வை வகுத்தல் சூத்திரம் நீக்காது. அடையாளம் நிச்சயமாகத் தெரிந்த பாலிஸ்டைரின் தகட்டையோ அருமண் ஆக்ஸைடு வில்லையையோ இரண்டு கருவிகளிலும் வைத்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

கிடைத்த எண்ணைக் கருவியே காட்டும்போது இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஆதார விலைக் கொள்முதலில் தோலோடு கூடிய கொட்டைக்கு ஈரம் நூற்றுக்கு 8-க்கு மேற்படலாகாது என்பது விதி. செங்குத்தாக எழும் கோட்டில் இரண்டு நானோமீட்டர் நகர்ந்தால் உயரம் மாறும். 8 என்பது 9 ஆகலாம். குடியானவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் மறுபடி களத்தில் காயவைக்க நேரும். மறுபுறமாக 9 என்பது 8 ஆனால், ஈரக்கொட்டை கிடங்கிலேறிப் பூஞ்சணம் பிடித்து விஷம் ஏறும். இவ்விரு நஷ்டங்களையும் கருவி விற்றவர் ஏற்பதில்லை.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இக்கருவி எங்கு வைக்கப்பட்டாலும், பரிசோதனைச் சீட்டில் கருவியின் பெயர், கிடைக்கோட்டின் அளவு, அதன் எல்லை, நிலைத்தகடு கடைசியாக வைத்துப் பார்க்கப்பட்ட தேதி ஆகியவை எழுதப்பட வேண்டும். மாற்றி எழுதிய படத்தோடு மூலப்படத்தையும் அழியாமல் காக்க வேண்டும். நிலைத்தகடு ஒன்றே போதாது. அறுவடைக்கு முன்பாகத் திண்டிவனம் நிலையத்தில் பழைய முறைப்படி வடித்து அளந்த சில பருப்பு மாதிரிகளைக் காற்றுப்புகாமல் மூடி முத்திரையிட்டு, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள கருவிகளில் வைத்துப் பார்த்தல் நலம். இரண்டிடத்து ஈரக்கணக்கும் நூற்றுக்கு அரைக்குமேல் வேறுபட்டால், கருவி சீராகும்வரை தராசையும் உலர்த்தும் அடுப்பையும் கொண்டே கொட்டையை ஏற்றுக்கொள்ளலாம்.