அறை எண் 305: மதிப்புரைகள் காணாத கடவுள்

2008 ஏப்ரலில் சிம்புதேவனின் ‘அறை எண் 305-ல் கடவுள்’ திரைக்கு வந்தபோது அதைப் பற்றி எழுதியோரில் பலர் இரண்டே அளவுகோல்களைக் கையில் வைத்திருந்தனர். 2003-இல் வெளியான ‘புரூஸ் ஆல்மைட்டி’ ஒன்று. அதே இயக்குநரின் முதற்படமான ‘இம்சை அரசன் 23-ம் புலிகேசி’ (2006) மற்றொன்று. முன்னதன் சாயல் மிகுதி, பின்னதன் சிரிப்பு குறைவு என்று தீர்ப்பு எழுதியாயிற்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் அவை போதா என்பதே நம் எண்ணம்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் வாடகை பாக்கியோடு காலந்தள்ளும் இரு இளைஞர்கள் (சந்தானம், கஞ்சா கருப்பு) கடவுளை ஏசுகிறார்கள். பிரகாஷ்ராஜ் உருவில் அவர் வந்து சேர்கிறார். அமெரிக்கப் படத்தில் கடவுள் தம் ஆற்றலைத் தாமே மனிதனிடம் ஒப்படைக்கிறார். இங்கோ ஆற்றல் அடங்கிய பெட்டி களவு போகிறது. கடவுள் வெறும் மனிதராய் நிற்கிறார். நகல் என்றவர்கள் இந்த வேறுபாட்டில் சற்றே நின்றிருக்கலாம்.

வந்தியின் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, மண் சுமக்காமல் ஆடித் திரிந்து, பாண்டியனிடம் பிரம்படி பட்ட இறைவன் நம்முடையவன். காளமேகம் ஏசியே துதித்தார். 1965-இல் ஏ.பி.நாகராஜனின் ‘திருவிளையாடல்’ தருமியை வைத்து நம்மைச் சிரிக்கவைத்தது. மறைமலையடிகள் வாழ்ந்த பல்லாவரத்தில் இருந்துகொண்டு இன்னொன்றையும் சொல்லாமலிருக்க இயலவில்லை: சைவத்தின் இறைவன் வேடம் புனைவான், ஆற்றல் இழப்பதில்லை, அந்த அடி எல்லா உயிர்கள்மீதும் விழுந்தது. சிம்புதேவனின் கடவுள் உண்மையிலேயே இழக்கிறார். ஒரு வணிகப் படத்துக்கு இது சிறிய துணிச்சலன்று.

குறை எங்கே என்றால், அந்தத் துணிச்சலைப் படமே நம்பவில்லை. சிரிப்பு போதாதோ என்று அஞ்சியதுபோல் கடவுள் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுகிறார். போதனை மிகுதி என்று எழுதியவர்களோடு இதில் நமக்குப் பிணக்கில்லை. 1943-இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் காபி குடிக்கிறார், வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறார், நடனமாடி வாய்ப்புக் கிடைக்காமல் திரும்புகிறார். உபதேசம் செய்வதில்லை. அக்கதை இன்றும் கூர் மழுங்காமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

நம் வகுப்பு மாணவர் பலருக்கு இந்தப் படம் தெரியும், புதுமைப்பித்தன் தெரியாது. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் நால்வர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கும் அவர்களுக்கு அந்த வாடகை பாக்கியை விளக்க வேண்டியதில்லை. படத்திலிருந்து கதைக்கும், கதையிலிருந்து பரஞ்சோதி முனிவருக்கும் அவர்களை அழைத்துச் செல்ல வழி இருக்கிறது. ‘ஹாலிவுட் நகல்’ என்ற ஒற்றைச் சொல் அந்த வழியை அடைத்துவிடுகிறது. 2020-இல் ‘மூக்குத்தி அம்மன்’ வந்தபோதும் போலிச் சாமியார் அரசியலே பேசப்பட்டது. ஓர் ஏழை வீட்டுக் குலதெய்வம் கவனிப்பாரற்றுக் கிடந்த கோபத்தில் எத்தனை நகைச்சுவை இருந்தது என்பதை நிதானமாய் எழுதியவர் அதிகமில்லை.