நூல் பிடிக்காத சுவர்

கம்போடியாவில் பள்ளிக்கூடம் கட்டப் போய் வந்த தம் தொடக்கக் கல்லூரி மாணவர்களைப் பற்றி ஓர் ஆசிரியர் சென்ற இதழில் உருகி உருகி எழுதியிருந்தார். பத்தே நாளில் வகுப்பறை எழும்பியதாம். சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் உள்ளங்கையில் கொப்புளமும் உள்ளத்தில் கருணையும் ஒருசேரப் பூத்தனவாம். இதையெல்லாம் குறை சொல்கிறவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திராதவர்கள் என்று போகிற போக்கில் ஒரு குட்டும் வைத்திருக்கிறார். குட்டு வாங்கிய தலைகளில் என்னுடையதும் ஒன்று.

கட்டுரையோடு வந்த படத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவர், புதுக்கோட்டைப் பக்கம். டீ ஆறுகிற வரைக்கும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நூலே புடிக்கலண்ணே. மூணாவது வரியிலயே வயிறு தள்ளிருச்சு பாருங்க. கீழ் மூட்டுக்கு நேரா மேல் மூட்டு வருது. மழை பெஞ்சா அந்தக் கோட்டுலயேதான் வெடிக்கும். யாரு கட்டுனது?”

“பதினேழு வயசுப் பிள்ளைங்க.”

“கூலிக்கா?”

“இல்ல தம்பி, அவங்களே காசு கட்டிப் போயி.”

சிரித்துவிட்டார். “நானும் காசு கட்டித்தாண்ணே வந்தேன், செவுரு கட்ட. ஆனா டெஸ்ட் பாஸ் பண்ணாம விட மாட்டேன்னுட்டாங்களே!”

பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே சட்டத்துக்குள் பாதி வந்து பாதி வெட்டுப்பட்ட ஒரு கறுத்த முழங்கை, கரணையோடு. “இது ஒண்ணுதாண்ணே தொழில் தெரிஞ்ச கை.”

அவர் சொன்ன டெஸ்ட் விளையாட்டல்ல. இந்தியாவிலிருந்து கட்டுமான வேலைக்கு வருகிறவர் திறன் தேர்வில் தேறிச் சான்றிதழ் காட்டினால்தான் சிங்கப்பூரில் வேலை அனுமதி கிடைக்கும். அதற்காகவே தமிழ்நாட்டில் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிப் படித்துவிட்டு வருகிறார்கள். நம் சுவரைத் தொட வளர்ந்த ஆளிடம் சான்றிதழ் கேட்கிறோம். அடுத்த நாட்டுக் குழந்தை சாய்ந்து உட்காரப் போகிற சுவரை மட்டும், முந்தாநாள்தான் கரணையைப் பார்த்த பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறோம். கட்டுரையாளர் தம் சொந்த மகனை அந்தச் சுவரடியில் உட்கார வைப்பாரா?

‘ஒன்றுமே இல்லாததற்குக் கோணல் சுவராவது மேல் அல்லவா’ என்று கேட்கிறார். அங்கோர் வாட்டைக் கட்டிய மண்ணுக்குச் செங்கல் அடுக்கித் தரப் புறப்பட்ட துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். கம்போடியாவில் கொத்தனாருக்குப் பஞ்சமில்லை. உள்ளூரில் போதிய கூலி கிடைக்காமல் தாய்லாந்துக்குப் போய்க் கட்டடம் கட்டியவர்கள் ஏராளம். அவர்களில் நாலு பேருக்கு ஊரிலேயே கிடைத்திருக்க வேண்டிய வேலையை நம் பிள்ளைகள் இலவசமாகவும் மோசமாகவும் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

பஞ்சம் வேறு இடத்தில். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சி பள்ளிகளை இழுத்து மூடியது, ஆசிரியர்களைத் தேடித் தேடிக் கொன்றது. ஓர் ஆசிரியத் தலைமுறையையே புதிதாக உண்டாக்க வேண்டியிருந்த நாடு அது. தொடக்கப் பள்ளிகள் பல இன்றும் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று அரைநாள் முறையில்தான் ஓடுகின்றன. சுவர் பாடம் நடத்தாது. அந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள், அவர்களுக்கு என்ன சம்பளம், நாம் திரும்பி வந்தபின் யார் வகுப்பெடுக்கிறார்கள்? ஒரு வரி இல்லை. முழுக் கட்டுரையிலும் ‘ஆசிரியர்’ என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது, எழுதியவர் தம்மைக் குறிப்பிடும்போது. ஜூன் மாதம், பள்ளி நடக்கிற நாளில், பிள்ளைகளை வகுப்பிலிருந்து வெளியே வரவழைத்து நமக்கு வரவேற்பு நடனம் ஆட வைத்ததை மட்டும் ஒரு பத்தி முழுக்க ரசித்திருக்கிறார்.

அவருடைய வாதங்களில் எலும்புள்ளது ஒன்றுதான்: பிள்ளைகள் போகாவிட்டால் அந்தப் பணமே வந்திருக்காது. உண்மை. ஆளுக்கு 1,500 வெள்ளி என்று அவரே எழுதுகிறார். கம்போடிய ஆடைத் தொழிலாளிக்கு 2024இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 204 அமெரிக்க டாலர். அப்படியானால் நம் ஒரு பிள்ளையின் பத்து நாள் கருணைக்கு ஆன செலவு, அங்கே ஒரு பெண் ஐந்து மாதம் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து சம்பாதிப்பது. அந்த 1,500 வெள்ளியில் பெரும்பங்கு விமானத்துக்கும் விடுதிக்கும் போகிறது. ஆள் போனால்தான் பணம் என்றால் அந்தப் பணம் கொடுத்தது எதற்கு என்று கேட்க வேண்டாமா? சுற்றுலா போவதில் தப்பே இல்லை, நானும் சியாம் ரீப்புக்குப் போயிருக்கிறேன். ஆனால் நான் வாங்கியது டிக்கெட். அதற்கு நன்கொடை ரசீது கேட்கவில்லை.

1997இல் சமூக சேவையை ஆண்டுக்கு ஆறு மணி நேரம் என்று மாணவர்களுக்கு அளந்து வைத்த ஊர் இது. 2012இல் திட்டத்தின் பெயரும் வடிவமும் மாறின. எண்ணிப் பார்க்கிற புத்தி மாறியதாகத் தெரியவில்லை. உபகாரச் சம்பள நேர்காணலில் இந்தப் படம் எப்படிப் பேசும் என்று கட்டுரையாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க எழுத்தாளர் பிப்பா பிடில் பள்ளி மாணவியாகத் தான்சானியாவுக்குப் போய் நூலகம் கட்டியவர். பகலில் மாணவிகள் அடுக்கிய செங்கலை இரவில் உள்ளூர் ஆட்கள் சத்தமில்லாமல் பிரித்துத் திரும்பக் கட்டியதை 2014இல் அவரே எழுதினார். அவருக்கும் முன்னால், 1968 ஏப்ரலில், இவான் இல்லிச் என்ற பாதிரியார், மெக்சிகோவில் சேவை செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேராகவே இதைச் சொன்னார். விருந்தாளியாக வா, கற்றுக்கொள்ள வா, அதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. உபகாரியாக வருவதுதான் அவருக்கு ஆகவில்லை. இவர்கள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்?

வறுமையைக் கண்ணால் பார்த்தால் பிள்ளைகளுக்கு நன்றியுணர்வு வருமாம். அடுத்த வீட்டுக் குழந்தையின் கிழிந்த சட்டை நம் குழந்தைக்குப் பாடப்புத்தகமா? கட்டுமான ஊழியர்கள் லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போவதை நம் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தின் ஜன்னல் வழியாக நித்தம் பார்க்கிறார்கள். அதைப் பார்க்க விமானம் வேண்டாம் என்பதாலோ என்னவோ, அது பாடத்தில் சேரவில்லை.

டிசம்பர் பயணத்துக்கு இன்னும் ஆறு இடம் காலி என்று கட்டுரை முடிகிறது. ஆறு பேருக்கு 9,000 வெள்ளி. அந்த ஆறு பேரையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, பணத்தை மட்டும் அனுப்பிப் பாருங்களேன். யாருக்கு அனுப்புவது என்று குழப்பமாக இருந்தால் உங்கள் படத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள். அந்த முழங்கைக்காரரின் பெயராவது கேட்டு வந்தீர்களா?