அடுத்த அறையோடு பேசக் கடல் கடப்பானேன்?

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அண்ணனும் தங்கையும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசுவதா என்று பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். இணைய விளையாட்டு குடும்பத்தையும் தமிழையும் ஒருசேர விழுங்கிவிட்டது என்பது அவர்களது தீர்ப்பு. இழப்பு உண்மை; குற்றவாளிதான் வேறு.

போர்ட் பிளேரை ஒட்டிய பத்துபஸ்தியில் ஒரு தமிழ் வீட்டை எண்ணிக்கொள்வோம். (தமிழ்க் காதுக்குப் 'பத்து' எண்ணாகக் கேட்கும், 'பஸ்தி' குடியிருப்பைக் குறிக்கும் இந்திச் சொல்.) முன்னறையில் அண்ணன், பின்னறையில் தங்கை. நால்வர் அணியில் மற்ற இருவர் வெளியார்: ஒருவர் வங்காளி, ஒருவர் தெலுங்கர். எதிரி நெருங்கும் கணத்தில் "அண்ணா, எடது பக்கம் ஆளு!" என்று எழ வேண்டிய குரல் "லெஃப்ட் மே ஹை" என்று எழுகிறது. அந்த ஒலித்தடத்தில் நால்வரும் கேட்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 28 விழுக்காடு, தமிழர் 15, தெலுங்கர் 13. எம்மொழிக்கும் பெரும்பான்மை இல்லாத மண்ணில் இந்தி பொதுமொழியானது. பலரை ஒன்றாக வாழவைத்த அம்மொழியைப் பழிப்பது நன்றிகேடு. ஆயினும் சந்தையில் அதற்குரிய இடம் வேறு, அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையிலுள்ள சுவரில் அதற்குரிய இடம் வேறு.

மொழிகள் தேய்வதை ஆராய்ந்த ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் வெளியிட்ட நூலில், தலைமுறை தலைமுறையாக வீட்டில் மொழி கைமாறுவதையே அதன் உயிர்நிலையாகக் கொண்டார். பள்ளியும் ஊடகமும் அதற்குத் துணைநிற்பவை. தமிழ் விழாவில் பேச்சுப் போட்டி நடத்துவோர் இதை நினைவில் கொள்வது நல்லது. அவசரத்திலும் எரிச்சலிலும் கேலியிலும் வாய்க்கு வரும் மொழியை எந்தக் கேடயமும் மீட்டுத் தராது.

இனி அக்குரல் செல்லும் வழியைப் பாருங்கள். டிஸ்கார்ட் போன்ற சேவைகளில் ஒலி ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு நேரே போவதில்லை; நிறுவனத்தின் வழங்கியைத் தொட்டே திரும்புகிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடி இழை வந்தபின் இணையம் விரைந்தது, வழி குறுகிவிடவில்லை. பத்தடி தொலைவிலுள்ள அறைக்குச் சொல்லும் சொல் வங்கக் கடலை இருமுறை கடக்கிறது. இழையில் கழிவது மிகக் குறைந்த நேரமே. வைஃபை, வழங்கி, ஒலித்துண்டுகளைத் தேக்கிக் கோத்துத் தரும் மென்பொருள் ஆகியவை மீதித் தாமதத்தைச் சேர்க்கின்றன.

விளைவு வேடிக்கையானது. தங்கையின் குரல் முதலில் கதவிடுக்கு வழியாகவும், பிறகு காதொலிக் கருவி வழியாகவும் அண்ணனுக்கு இருமுறை கேட்கிறது. அவன் உரக்கப் பேசினால் அவள் ஒலிவாங்கி அதையும் பிடித்து அவனுக்கே திருப்பி அனுப்புகிறது. தன் குரலைச் சற்றுத் தாமதித்துக் கேட்பவரின் நா தடுமாறும் என்பதைப் பெர்னார்ட் லீ 1950இலேயே காட்டினார். பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடி அளவே என்றது. அத்தனை நுண்ணிய தாளத்தில் ஓடும் பேச்சைத்தான் கடல் சுற்றவைக்கிறோம்.

"ஒரே அறையில் உட்கார்ந்தால் போயிற்று" என்பார்கள். உட்கார்ந்தால் ஒருவர் ஒலிவாங்கி மற்றவர் குரலையும் அள்ளிக்கொள்ளும். அணியிலுள்ள இருவரும் அலறுவார்கள்.

வீட்டுக்குள்ளேயே முடியும் வழி உண்டு. மம்பிள் என்னும் கட்டற்ற மென்பொருளின் வழங்கியை ஒரு பழைய கணினியில் நிறுவினால், ஒலி வைஃபை பெட்டியைத் தாண்டாமல் அறைக்கு அறை செல்லும். தாமதம் குறையும், பிறர் காதும் விலகும். பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒலிவாங்கி திறக்குமாறு வைத்தால் எதிரொலியும் பெரும்பாலும் அடங்கும். வெளி நண்பர்களை ஒதுக்குவதாகாதா என்று கேட்கலாம். அணிக்கு ஒரு பொத்தான், வீட்டுக்கு ஒரு பொத்தான்: அங்கே இந்தி, இங்கே தமிழ். பன்மொழித் தீவில் பிறந்த பிள்ளைகளுக்கு இது கற்றுத்தர வேண்டிய வித்தையன்று. கடையில் ஒரு மொழியும் அடுக்களையில் ஒரு மொழியும் பேசித்தான் வளர்கிறார்கள்.

கடலடி இணைப்பு அறுந்த நாளில் விளையாட்டு நின்றுபோகும். மின்சாரம் இருந்தால், தோற்றதற்கு யார் காரணம் என்ற சண்டை இரு அறைகளுக்கும் இடையே தொடரும், தமிழில்.